ரொட்டியக்கா வண்டி விற்ற கதை

ஊர் தூங்கப் போகிற நேரத்தில் ரொட்டியக்கா மாவு பிசையப் போவாள். ஊர் பல் தேய்க்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்து படுப்பாள். பேக்கரியில் இரவு வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இப்படித்தான். பகலில் தூங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. எதிர்வீட்டு மிக்ஸி, மேல்வீட்டில் நாற்காலியை இழுக்கிறவர்கள், தெருவில் சிலிண்டர் உருட்டுகிற சத்தம், இத்தனையையும் தாண்டிக் கண் மூட வேண்டும்.

அதற்கு அவளிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. ஜன்னலில் பழைய கம்பளியைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்குவாள். மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றி, பிள்ளையை இடுப்பில் தூக்குவதுபோலத் தூக்கி மாடியேறி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் போடுவாள். சார்ஜருக்குள் இருக்கிற குட்டி விசிறி ஒரே சுருதியில் முனகத் தொடங்கும். அதன் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு எரியும். மிக்ஸியும் நாற்காலியும் அந்த முனகலுக்குள் கரைந்துபோகும்.

கம்பளியில் ஒரு பொத்தல் உண்டு. அதன் வழியாக நுழைகிற வெளிச்சம் தெருவைக் கொண்டுவந்து சுவரில் தலைகீழாக மாட்டும். கால்கள் மேலே, குடைகள் கீழே, மங்கலான நிறத்தில் ஆட்கள் போவார்கள், வருவார்கள். பார்த்துக்கொண்டே கிடப்பாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஆட்கள் அடுப்புக்குள் வைத்த ரொட்டியைப்போல மெல்ல உப்பத் தொடங்குவார்கள். உப்பினால், தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். விழிக்கும்போது சார்ஜரில் பச்சை எரிந்துகொண்டிருக்கும். சிவப்பு பச்சையாகிற நிமிஷத்தை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

பேக்கரி இடம் மாறி, அவள் வீட்டுத் தெருமுனைக்கே வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் உனக்கு அதிர்ஷ்டம் என்றார்கள். நடந்தே வேலைக்குப் போனாள். வண்டி படிக்கட்டுக்கு அடியில் நின்றது. ஓடாத வண்டிக்கு என்ன சார்ஜ் ஏறும்? பிளக்கைச் சொருகினால் சிவப்பு ஒருமுறை கண் சிமிட்டும், உடனே பச்சை. விசிறி நின்றுவிடும். பிறகு எதிர்வீட்டு மிக்ஸி காதுக்குள்ளேயே ஓடும்.

தூக்கம் கெட்டது. மாவில் உப்புப் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் ஒருநாள் மலைத்து நின்றாள். இன்னொரு நாள் ஒரு தட்டு ரொட்டி முழுதும் கரியாகிவிட்டது. முதலாளி கத்தவில்லை. "அடுப்பு வேலை உங்களுக்கு ஒத்துக்கலன்னா சொல்லுங்கக்கா. பகல்ல கல்லாவுல உக்காந்துக்கலாம்" என்று தன்மையாகச் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை. ரொட்டியக்காவுக்கு அடுப்பை விட்டுக் கல்லாவில் உட்காருவது, சமைக்கிற கையை இனிப் பரிமாற மட்டும் வைத்துக்கொள் என்று சொன்னதுபோல இருந்தது.

அவள் கணவர் சந்தையில் சாவி செய்கிறவர். ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வந்தார். அது தலையைத் திருப்பும்போதெல்லாம் சுருதி மாறியது. இரவல் வாங்கிய வேறொரு சார்ஜரின் சத்தத்தைப் போனில் பதிந்து ஓடவிட்டுப் பார்த்தார். கண் சொக்கும் நேரம் பார்த்து அதே போனில் யாராவது கூப்பிட்டார்கள்.

கடைசியில் ரொட்டியக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அது அவருக்குத் தெரியவந்தது ஒரு சாயங்காலம்.

"இன்னிக்கு எங்க போன?"

"சும்மாதான்."

"சும்மா போறவ என் கடையத் தாண்டித் தாண்டிப் போவாளா? கை காட்டினேன். யாரோ எவரோன்னு போற."

"பேட்டரியக் காலி பண்ணப் போனேங்க."

"எதுக்கு?"

"சார்ஜ் போடத்தான்."

அவர் கையிலிருந்த சாவியால் தலையைச் சொறிந்தார். "பசிக்கணும்னு நடந்துட்டு வந்து சாப்பிடுறவங்களப் பாத்திருக்கேன். வண்டிக்குப் பசியெடுக்க வெக்கிறவள இப்பத்தான் பாக்குறேன்."

அவளும் சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாக, சிக்னலில் நின்றபடியே கண்ணயர்ந்ததையும் பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்து எழுப்பியதையும் சொல்லிவிட்டாள். அவர் முகத்தில் சிரிப்பு வற்றியது. "வேணாம்டி. வண்டிய வித்துரலாம்."

பழைய வண்டி வாங்குகிற கடைக்காரர் வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். சீட்டைத் தட்டிப் பார்த்தார். "பேட்டரியத் தனியா, பாடியத் தனியா தள்ளி விட்டுருவோம்மா. சார்ஜரையும் எடுத்து வெச்சிருங்க."

"சார்ஜர் உங்களுக்கு வேணுமா?"

"வண்டி இல்லாம சார்ஜர வெச்சிக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தாலாட்டு கேப்பா" என்றார் சாவிக்காரர். கடைக்காரர் சிரிக்கவில்லை. ரொட்டியக்கா யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அந்தத் தெருவில் சைக்கிளில் பேப்பர் போடுகிற பெண் ஒருத்தி உண்டு. ரொட்டியக்கா வேலை முடிந்து வரும்போது அவள் வேலையைத் தொடங்குவாள். விடியலில் இருவரும் எதிரெதிரே தலையாட்டிக்கொள்வதோடு சரி. விற்கிற செய்தி எப்படியோ அவள் காதுக்குப் போயிருந்தது.

"வண்டிய எனக்குக் குடுங்கக்கா. மிதிச்சு மிதிச்சு முட்டி தேஞ்சு போச்சு."

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு."

பேப்பர்காரி சாவியை வாங்கிப் போனாள். அன்றைய பேப்பர் முழுதையும் வண்டியிலேயே போட்டாள். திரும்பும்போது பேட்டரி ஒட்டக் காலியாகியிருந்தது. அவளே தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"ஓட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா முழுசா ஏறுதான்னு என் கண்ணால பாக்கணும்க்கா. பச்சை விழுற வரைக்கும் இங்கயே இருக்கேன்."

"அதுக்கென்ன, இரு."

ரொட்டியக்கா கம்பளியை இறக்கினாள். பேப்பர்காரி கட்டிலோரம் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். விசிறி முனகத் தொடங்கியது. நீண்ட நாள் கழித்துச் சிவப்புப் பொட்டு அசையாமல் எரிந்தது.

"அக்கா, சுவத்துல என்னக்கா அது?"

"நம்ம தெருதான்."

"தலைகீழாப் போறாங்க!"

"பழகிரும்."

"அதோ பாருங்க, நான் போடுற வீட்டுக்காரரு. பேப்பரப் பிரிச்சுக்கிட்டே போறாரு. நேராப் பிடிச்சுப் படிச்சாலே அவருக்குப் புரியாது."

இருட்டில் இருவரும் சிரித்தார்கள். பேப்பர்காரி ஏதோ சொல்ல வந்து பாதியில் விட்டாள். சுவரில் குடையோடு போன ஒரு பெண் கொஞ்சம் உப்பினாள். அவளுக்குப் பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம்.

சாப்பிட வந்த சாவிக்காரர் கதவைத் திறந்தபோது, கட்டிலில் ஒன்றும் தரையில் ஒன்றுமாக இரண்டு குறட்டைகள் கேட்டன. நடுவில் சார்ஜர் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"காவல் பிரமாதம்" என்றார்.

பேப்பர்காரி பதறி எழுந்தாள். "அய்யோ, பச்சை எப்ப விழுந்துச்சு? பாத்தீங்களாக்கா?"

"நான் எங்க பாத்தேன்" என்றாள் ரொட்டியக்கா. குரல் தெளிந்திருந்தது. "வண்டி உனக்குத்தான். எங்க சார்ஜ் போடுவ?"

பேப்பர்காரி புடவை முனையைத் திருகினாள். "அதத்தான் கேக்க வந்தேன். நான் போன் சார்ஜ் போட்டாலே வீட்டு ஓனரு மீட்டரப் போய்ப் பாத்துட்டு வருவாரு. பேட்டரிய உள்ள கொண்டு வந்தா என்னையும் சேத்து வெளிய வெச்சிருவாரு. எங்கயாச்சும் ஒரு பிளக் கிடைக்குமான்னு…"

ரொட்டியக்கா கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"இங்கயே போடு" என்றாள். "பேப்பர் போட்டு முடிச்சதும் கொண்டு வந்து குடு. சாயங்காலம் வந்து எடுத்துக்கோ."

"கரண்ட்டுக்கு ஏதாச்சும் வாங்கிக்கணும்க்கா."

"நீ அவருக்குத் தினம் ஒரு பேப்பர் போட்டுரு. ஓசிப் பேப்பருக்குன்னு டீக்கடையில தவம் கெடக்குறாரு."

"வண்டிய வித்தாச்சு, வண்டிச் சத்தத்த மட்டும் வீட்டுல வெச்சுக்கிட்டா" என்று சாவிக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொன்னாலும், முதல் பேப்பர் வந்த அன்று அதை இரண்டு தரம் படித்தார்.

இப்போது காலையில் படிக்கட்டில் பேப்பர்காரியின் காலடி கேட்கும். சுமையோடு ஏறுகிறவளின் மூச்சும் கேட்கும். அவளுடைய ஓட்டம் முழுதும், சந்து சந்தாகத் திரும்பியது, நாய்க்குப் பயந்து வேகம் எடுத்தது எல்லாம், அந்தப் பேட்டரியைத் தீர்த்திருக்கும். ரொட்டியக்கா பிளக்கைச் சொருகிவிட்டுப் படுப்பாள். சுவரில் பேப்பர்காரி தலைகீழாக நடந்து தெருமுனை வரை போவாள். பேக்கரியின் புகைபோக்கி கீழ்நோக்கித் தொங்கும். அது மெல்ல உப்பும்.

ரொட்டிகள் கருகுவதில்லை.