மாதத்துக்கு அறுபது

பெரியப்பாவை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அரைநூல் என்பார்கள். பட்டறைக் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். எந்த வேலை வந்தாலும் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "ஒரு அரை நூல் தள்ளுது" என்று சொல்லிவிட்டுத்தான் கையில் எடுப்பார். அளந்து பார்த்தால் தள்ளியிருக்கும்.

அவர் பட்டறை பத்துக்கு இருபது அடியில் ஓர் அறை. இரண்டு லேத், ஒரு துளை போடும் இயந்திரம், எண்ணெய் ஏறி எண்கள் மங்கிய கடிகாரம். நான்கு ஆட்கள். அவர்களில் பழையவன் நெட்டை. பதினோரு வருஷமாக அதே கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

பெரியம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்த வருஷம்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு நான்கு சக்கரம், நான்குக்கும் தனித்தனிப் பூட்டு. நர்ஸ் ஒவ்வொன்றாகக் காலால் உதைத்துப் பூட்டுவார். ஒவ்வொரு உதைக்கும் கட்டில் அதிரும், தையல் இழுக்கும், பெரியம்மா பல்லைக் கடிப்பார். பெரியப்பா இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தார்.

"பொண்டாட்டியப் பாக்க வந்தாரா, கட்டிலப் பாக்க வந்தாரான்னு நர்ஸுங்களுக்கே சந்தேகம்" என்று பெரியம்மா இப்போதும் சொல்வார்.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரே மிதியில் நான்கு சக்கரமும் சத்தமில்லாமல் நிற்கிற பிரேக் ஒன்று பட்டறையில் பிறந்தது. யாரோ சொல்லிக் காப்புரிமைக்கு எழுதிப் போட்டார். அது வந்து சேர நான்கு வருஷம். அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டாமல், பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தார். இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகள் பிரேக்கை வாங்க ஆரம்பித்தன.

ஒரு நாள் பழுதான கட்டில் ஒன்றிலிருந்து நெட்டை ஒரு பிரேக்கைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். பளபளப்பான பெயின்ட். மேலே ஒரு பெரிய கம்பெனியின் முத்திரை. பிரித்தால் உள்ளே அதே மூன்று பல், அதே சுருள், அதே சாய்வு.

"அண்ணே, நம்ம புள்ள ஊரான் வீட்டுச் சட்டையப் போட்டுட்டு நிக்குது" என்றான்.

பெரியப்பா அதை மறுபடி மாட்டி, இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றார்.

பட்டறை விலையில் பாதிதான். ஆறு மாதத்தில் பட்டறைக்கு வருகிற ஆர்டரும் பாதியானது.

வழக்குப் போட ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். மெதுவாகப் பேசுகிறவர். முதல் நாளே கேட்டார்: "கோர்ட்டுல என்ன வேணும்னு கேக்கணும் நாம?"

"நிறுத்தணும்."

"நஷ்டஈடு?"

"அதெல்லாம் நீங்க பாத்துக்குங்கம்மா. அவங்க செய்யறத நிறுத்தணும். நிறுத்துனா ஆஸ்பத்திரிக்காரங்க இங்கதான் வரணும். இந்த நாலு பேருக்கும் வேலை இருக்கும்."

அவர் கேட்டது அது ஒன்றுதான்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் நூறு செய்ய முடிந்தவன் அறுபது என்பான். மின்சாரம் போகும், உளி உடையும், ஆள் காய்ச்சலில் படுப்பான். அறுபது என்று சொல்லி எண்பது கொடுத்தால் வாடிக்கை நிற்கும். நூறு என்று சொல்லித் தொண்ணூறு கொடுத்தால் போய்விடும். இன்னொன்றும் உண்டு. வேலை மிஞ்சினால் பக்கத்துப் பட்டறைகளுக்குக் கொடுப்பார்கள். ஆனால் அடுத்தவன் லேத்தில் ஓடுவதைத் தன் கணக்கில் சொல்ல மாட்டார்கள். தெருவே திரண்டால் மாதம் முந்நூறு பிரேக் சாதாரணம். அது தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பெரியப்பா சாட்சி சொன்ன அன்று நெட்டையும் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். துவைத்த சட்டையின் மடிப்பு முதுகில் அப்படியே நிற்க, கூண்டின் மரவிளிம்பை அவர் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார். அது எத்தனை நூல் கோணல் என்று பார்த்திருப்பார்.

கம்பெனியின் வக்கீல் கோபமே இல்லாத மனிதர். "ஐயா, எங்க கட்சிக்காரரை நிறுத்தச் சொல்றீங்க. சரி. ஆஸ்பத்திரிகளுக்கு மாசம் முந்நூறு பிரேக் தேவைப்படுது. நீங்க மாசத்துக்கு எத்தனை செஞ்சு குடுப்பீங்க?"

நெட்டை என் முழங்கையைப் பிடித்தான். "கொறச்சுச் சொல்லிடப் போறாரு."

"அறுபது" என்றார் பெரியப்பா.

வக்கீலம்மா எழுந்தார். "வெளிய பட்டறைகள்ல குடுத்து இன்னும் அதிகமா செய்ய முடியும் இல்லையா?"

"அது அவங்க வேலைம்மா. அவங்க எத்தனை செய்வாங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

நீதிபதியே எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "யோசிச்சுச் சொல்லுங்க. அறுபதுக்கு மேல முடியாதா?"

"முடிஞ்சா குடுப்பேன். சொல்றது அறுபதுங்க."

வாசலில் நெட்டை வெடித்தான். "அண்ணே, போன வருஷம் ஒரே மாசத்துல நூத்திப்பத்து அனுப்பினோமே."

"அது அந்த மாசம்" என்றார் பெரியப்பா.

பதினான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு. கம்பெனி கேட்காமல் எடுத்தது தவறு, காப்புரிமை பெரியப்பாவுடையதுதான் என்று நீதிபதி தெளிவாகவே சொன்னார். ஆனால் தடை விதித்தால் மாதம் இருநூற்று நாற்பது கட்டிலுக்கு பிரேக் இருக்காது. அறுபதுதான் முடியும் என்பதை வாதியே தன் வாயால் சொல்லியிருக்கிறார். இவர்கள் இருவர் சண்டைக்கு நோயாளிகள் அவதிப்படக் கூடாது. ஆகவே தடை கிடையாது. இதுவரை விற்றதற்கும், காப்புரிமை முடிகிறவரை இனி விற்கப்போகிற ஒவ்வொன்றுக்கும் கம்பெனி அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். கம்பெனி சொன்ன தொகையைப் போல மூன்று மடங்காக நீதிபதி அதை நிர்ணயித்தார்.

நான் வீட்டுக்கு வந்து அந்தத் தீர்ப்பை இரண்டு முறை படித்தேன். எங்கே தவறு என்று விரல் வைக்க முடியவில்லை.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வராந்தாவில் கம்பெனி மேனேஜர் வந்து கை நீட்டினார். "அருமையான டிசைன் சார். எங்க இன்ஜினியர்ங்களே அசந்துட்டாங்க." பெரியப்பா கை கொடுத்தார். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கிரீஸ் இல்லை. வழக்குக்காக அன்று சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்.

வீட்டில் பெரியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நிறுத்தச் சொல்லிட்டாங்களா?"

"இல்ல. பணம் வரும்."

பெரியம்மா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை முடித்தார். "வேலை கேட்டோம். கூலியக் குடுத்துட்டாங்க."

பணம் வந்தது. சொன்ன தேதியில், சொன்னபடி. ஆஸ்பத்திரிகள் கம்பெனியிடமே வாங்கின. விலை கொஞ்சம் ஏறியும் பட்டறை விலையைவிடக் குறைவுதான். ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் நெட்டை வந்து கதவருகில் நின்றான்.

"அண்ணே, கம்பெனியில கூப்பிடறாங்க. பிரேக் செக்‌ஷன்லதான்."

"போ."

"உங்களுக்கு ஒண்ணும்..."

"மூணாவது பல்லுல பிசிறு நிக்கும். அரத்த வெச்சு ரெண்டு இழுப்பு இழு. அங்க மறந்துடாத."

நெட்டை வெளியே போகும்போது முதல் தடவையாகக் குனிந்து போனான்.

பெரியப்பா இப்போதும் எட்டரைக்கு ஷட்டரைத் தூக்குகிறார். ஒரு லேத்தின்மேல் சாக்குப் போர்த்தியிருக்கிறது. மற்றதை நாளும் துடைக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கம்பெனியிலிருந்து கடிதம் வரும். தொகையைப் பார்க்க மாட்டார், எத்தனை பிரேக் என்பதை மட்டும் பார்ப்பார். "தொள்ளாயிரத்து எழுபது" என்பார், வானிலை சொல்கிறவர் மாதிரி.

போன வாரம் பெரியம்மா கொடுத்தனுப்பிய சாப்பாட்டைக் கொண்டுபோயிருந்தேன். பின்னாலேயே பெரியம்மாவும் மோர் மறந்துவிட்டது என்று வந்து சேர்ந்தார். அப்போது ஒரு முதியோர் இல்லத்திலிருந்து போன். கையால் செய்கிற பிரேக்தான் வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். நாற்பது கட்டில், ஒரு மாதத்துக்குள்.

"மாசத்துக்கு எத்தனை குடுப்பீங்க?" போனிலிருந்து வந்த குரல் எங்களுக்கும் கேட்டது.

பெரியப்பா லேத்தைப் பார்த்தார். தனி ஆளாக இருபத்தைந்து முடியும். பக்கத்துப் பட்டறையில் அப்போதும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பதினஞ்சு" என்றார்.

கொஞ்ச நேரம் கேட்டார். "சரிங்க" என்று போனை வைத்தார்.

"என்னவாம்?" என்றார் பெரியம்மா.

"கம்பெனியிலயே வாங்கிக்கறாங்களாம்."

பெரியம்மா டம்ளரில் மோரை ஊற்றினார். பெரியப்பா துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தார்.

"நாப்பதுக்கும் பணம் நமக்குத்தான் வரும்" என்றார்.