ஏசியில் காயும் நெல்

சபையோரே, இப்போது நான் சொல்லப்போவதை நம்ம ஊர் உத்திரமேரூரில் ஒருவரும் நம்பப்போவதில்லை.

இன்று மனைவியோடு சென்னையில் ஒரு நவீனக் கலை மியூசியத்துக்குப் போனேன். 'புதிய வரவுகள்' அறையில், ஏசிக்குக் கீழே, தரை முழுக்க நெல்லைப் பரப்பியிருந்தார்கள்.

பக்கத்தில் ஒரு பலகை. 'மௌனத்தின் பொன்வெளி, உடலற்ற உழைப்பின் எதிரொலி' என்று தொடங்கியது. முடிப்பதற்குள் எனக்குத் தாடி முழங்கால் வரை வளர்ந்துவிட்டது.

மனைவி பலகையைப் பார்க்கவேயில்லை. "வெயிலே இல்லாத எடத்துல காயப்போட்டுக்கீறாங்களே!" என்றவள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, களத்தில் செய்வதுபோலக் காலால் நெல்லைத் துழாவியபடி நடந்தாள்.

சைரன் அலறியது. ஹெலிகாப்டர் வட்டமிட்டது.

"அம்மா, வெளிய வாங்க! அது நெல் இல்ல, கலைப்படைப்பு!" என்றார் காவலர்.

"இன்னா படைப்போ! கெளறி வுடலன்னா அடியில காயாதுய்யா."

காலில் ஒட்டிய நெல்லும் மியூசியச் சொத்தாம். வெளியே விட மறுத்தார்கள்.

"பஸ்ஸு பூடும்யா! வூட்ல மாடு கத்திக்கினு கெடக்கும்!"

வெள்ளைக் கையுறை போட்ட நாற்பது நிபுணர்கள் வந்து, தூரிகையால் அவள் விரலிடுக்கைத் துடைத்து, நெல்மணிகளைப் பெட்டியில் பூட்டிய பிறகே விடுதலை.

சரி, இதில் ஒரு சின்ன விஷயம் மட்டும் சத்தியம். அந்த நீளப் பலகையில் 'நெல்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

நம்பாதவர்கள் போய்ப் படியுங்கள். புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.