என் மூக்கை நம்பிய வீடு

எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் முதல் போன் எனக்குத்தான் வரும். பாசத்தால் என்று நினைத்துவிட வேண்டாம். என் மூக்குக்காக.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் ரோடுமாக நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது எங்கள் குப்பம். முன்வரிசை வீடுகளைக் கடல் தின்றுவிட்டது. இப்போது அந்த இடத்தில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். மேற்கே பெட்ரோல், உரக் கம்பெனிகள் நிறைந்த மணலி. காலையில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், கச்சான் என்போம். மணலியின் நாற்றத்தை எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போவது அதுதான். பதினோரு மணிவாக்கில் கடல்காற்று கிளம்பிவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

என் அம்மாவுக்கும் தம்பிக்கும் காற்று தெரியும், நாற்றம் தெரியாது. அதிலேயே கிடந்து மூக்கு மரத்துப்போய்விட்டது. மீன் விற்கிற என் அம்மா இப்போதெல்லாம் மீனை மோந்து பார்ப்பதில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், விரலால் அழுத்திப் பார்ப்பாள், அவ்வளவுதான். பெரம்பூருக்கு வாக்கப்பட்டுப் போகும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன். போய்ச் சில மாதம் கழித்துத் தாய்வீட்டுக்கு வந்தபோது தலைசுற்றி வாசலிலேயே வாந்தி எடுத்தேன். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று அம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டாள். பிள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை, என் மூக்கு திரும்பி வந்திருந்தது. அந்தச் சர்க்கரைக் கதையை இன்றைக்கும் விடமாட்டேன் என்கிறார்கள்.

என் தம்பிக்குப் பெண் அமையாததுதான் எங்கள் பெரிய கவலை. நல்ல பையன். குடி கிடையாது. ஃபைபர் போட்டில் பங்கு வைத்திருக்கிறான். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீடு பார்க்க வருவார்கள். பிடித்திருந்தால் நாங்கள் தட்டில் வைக்கும் பூவை வாங்கிக்கொண்டு போவார்கள். மூன்று குடும்பங்கள் வந்தன. மூன்றும் கர்ச்சீப்பும் முந்தானையுமாக மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, பூவைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போயின. நாலாவதாக ஒரு குடும்பம் வரப்போகிறது என்றதும் தம்பி போனில் சொல்லிவிட்டான்.

"க்கா, இதுவும் பூட்ச்சுன்னா எனக்குக் கல்யாணமே வேணா. போட்டு பங்க வித்துட்டு கல்ஃப்புக்குப் போயிடுவேன். அங்க போட்டுல ஆள் கேக்கறானுங்கோ."

அப்பா போன பிறகு அம்மாவுக்கு அவன்தான் எல்லாம். அவன் போய்விட்டால் அவள் உடைந்துவிடுவாள். ஆகவே நான் கண்டிப்பாகச் சொன்னேன்: பஞ்சாங்கத்தில் என்ன போட்டிருந்தாலும் சரி, பதினோரு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

அன்றைக்கு நான் விடியும்போதே வந்துவிட்டேன். கச்சான் சாதாரணமாக அடிக்கவில்லை. வீட்டுக்குள் அம்மா போட்ட சாம்பிராணிப் புகை வேறு. அழுகின முட்டைக்குச் சென்ட் அடித்ததுபோல் இருந்தது. மல்லிகைச் சரத்தை என் மூக்கருகே நீட்டினாள் அம்மா.

"வாசன கீதா பாருடி. கல்மண்டபம் வரிக்கும் போயி வாங்கினு வந்தேன்."

"நல்லா கீதும்மா. அத மூடி வை."

"க்கா, மூக்கு இன்னா சொல்லுது?" என்று தம்பி வாசலிலிருந்து கேட்டான். "இன்னும் அடிக்குதுடா, பதினோரு மணி ஆவட்டும்" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, தெருமுனையில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பெண்ணின் அப்பாவும் அம்மாவும். நல்ல நேரம் ஒன்பது மணிக்குள் முடிகிறதாம், அதனால் சீக்கிரமே கிளம்பிவிட்டார்களாம். தம்பி முகத்தில் ரத்தமே இல்லை.

அவர்களைப் பாயில் உட்காரவைத்து அம்மா கேசரி கொடுத்தாள். நான் சமையல்கட்டு ஓரமாக நின்றுகொண்டு, அவர்களுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கை முதலில் மூக்குக்குப் போகும்? காற்று இன்னும் பலமாக வந்தது. என் கண் எரிந்தது, தொண்டை கமறியது. இருமல் வராமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கை மூக்குக்குப் போகவே இல்லை. பெண்ணின் அப்பா நிதானமாகக் கேசரி சாப்பிட்டார். எழுந்து போய் ஜன்னல் கம்பியை விரலால் துடைத்து, வெளிச்சத்தில் விரலைப் பார்த்தார்.

"பாத்தியா, சாம்பலே இல்ல" என்று சம்சாரத்திடம் காட்டினார்.

அந்த அம்மா கொடியில் காய்ந்த தம்பியின் வெள்ளை வேட்டியைப் பார்த்துத் தலையாட்டினாள். "எங்க பக்கம் முகத்துவாரத்தாண்ட ஒரே பவர் ஹவுஸ் சாம்பல் அண்ணி. துணி காயப்போட முடியாது, சோத்த தொறந்து வைக்க முடியாது. எங்க பொண்ணாவது நல்ல காத்து இருக்கிற எடத்துல வாழட்டும்னுதான் பாக்கறோம். இங்க காத்து நல்லாத்தான் கீது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர்களுக்கும் தெரியவில்லை! சாம்பலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, கண்ணை மட்டும் நம்பி வந்திருக்கிறார்கள். அம்மாவின் முகம் பூரித்துவிட்டது. தம்பி என்னைப் பார்த்தான். வாயைத் திறக்காதே என்று அவன் கண் கெஞ்சியது. நானும் திறப்பதாக இல்லை. அந்த அம்மா மட்டும் என் பக்கம் திரும்பாமல் இருந்திருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும்.

"நீ வெளிய வாக்கப்பட்டுப் போன பொண்ணு. நீ சொல்லுமா, இங்க காத்து எப்டி?"

கல்ஃப்பு, அம்மா, தட்டில் இருந்த பூ எல்லாம் ஒரே சமயத்தில் மனதில் வந்தன. கூடவே, முகம் தெரியாத அந்தப் பெண்ணும் வந்தாள். இந்த நாற்றத்துக்கு அவளை அழைத்துவர நான் யார் என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"நாறுதுங்க" என்றேன். "இப்பவே நாறுது. காலையில டெய்லி இப்டித்தான். எங்க வூட்ல யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியலன்னு நெனைக்கிறேன்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். பெண்ணின் அப்பா இரண்டு தரம் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் சம்சாரத்தைப் பார்த்தார். அவள் தட்டிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து மூக்கில் வைத்து இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"இதுல வாசன கீதாமா?"

"கீதுமா. தூக்கலா கீது."

அவள் சரத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "எம் பொண்ணு திருவொத்தியூர் டோல்கேட்டாண்ட ஜவுளிக்கடையில வேல பாக்குது. சாயங்காலம் வூட்டுக்கு வந்ததும் நாறுதுமா, நாறுதுமான்னு ஒரே ரோதன. சீன் போடறான்னு ரெண்டு அற கூட வுட்டுக்கீறேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

சுவரைப் பார்த்து நின்ற தம்பி அப்போதுதான் திரும்பினான்.

"மாமா, நான் டோல்கேட் பக்கமே வூடு பாக்கறேன். காலையில பைக்ல வந்து போட்டு ஏறிக்கறேன். உங்க பொண்ணு இங்க இருக்க வேணா. எங்கம்மாவயும் இட்டுக்கினு போயிடறேன்."

பெண்ணின் அப்பா சம்சாரத்தைப் பார்த்தார். அவள் அந்தச் சரத்தைத் தட்டில் வைக்கவில்லை. இலையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். "எம் பொண்ணுக்கு எடுத்துக்கினு போறேன். அவளுக்கு வாசன தெரியும்" என்றாள்.

அவர்கள் ஆட்டோ ஏறிப் போன பிறகு தம்பி என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அம்மா காலித் தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். அவளுக்கும் சேர்த்து எங்கே வீடு பார்க்கலாம், மாடி வேண்டாம், முட்டி வலி இருக்கிறது என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே போனோம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"என்ன எதுக்குடா இழுத்துக்கினு அலையறீங்க? நீங்க போயி நல்லா இருங்க" என்றாள். "எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."