பனிக்கால ஜெட்டு

எங்கள் வீட்டில் ஜீப்புக்கும் பண்டிகை உண்டு. திருச்சுழிப் பக்கத்துக் கரட்டுக் காட்டில் பருத்தி மூட்டை ஏற்றிவர, பட்டாளத்தார் கழித்துவிட்ட ஜீப் ஒன்றைச் சித்தப்பா ஏலத்தில் எடுத்திருந்தார். அதன் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் பித்தளைத் திருகுக்கு ஜெட்டு என்று பெயர். வெயில் காலத்துக்குச் சின்னத் துளை; குளிரில் எஞ்சின் பிடிக்கப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும் என்பதால் பனிக் காலத்துக்குப் பெரிய துளை. ஆயுத பூஜையன்று பெரியதை மாட்டி, சின்னதைக் கழுவிக் குங்குமமிட்டுச் சாமி மாடத்தில் வைப்பார். பங்குனிப் பொங்கலுக்குப் பெரியது மாடத்துக்குத் திரும்பும். நாங்கள் கும்பிட்டதில் நடுவே ஓட்டை உள்ள தெய்வம் அது ஒன்றுதான்.

அந்த ஆண்டு ஆவணியில் தாத்தா இறந்தார். ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. ஆயுத பூஜையன்று சித்தப்பா ஸ்பேனரைத் தொட்டதும் அப்பா பிடித்துக்கொண்டார்.

"ஏலே, சாவு விழுந்த வீட்டுல ஒனக்குப் பூசை கேக்குதோ?"

"பூசை இல்லண்ணே. ஜெட்டை மட்டும் மாத்திர்றேன்."

"நம்ம வீட்டுல அதுக்குப் பேருதான் பூசை. ஊரு என்ன பேசும்? தலத்தெவசம் முடியட்டும்."

அண்ணன் சொல்லுக்கு மேல் சித்தப்பாவுக்கு வாய் கிடையாது. மார்கழிக்கு மட்டும் யாரும் துக்கம் சொல்லி அனுப்பவில்லை. அது வழக்கம்போல வந்துவிட்டது.

ஒரு விடியற்காலையில் அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. மருத்துவச்சி வெளியே ஓடிவந்தாள்.

"பிள்ள குறுக்க கெடக்கு. அருப்புக்கோட்ட ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க, ஒடனே!"

அம்மாவை ஜீப்பில் கிடத்தினார்கள். தெருவே கூடித் தள்ளியது. எஞ்சின் தும்மியது, நின்றது. மறுபடி தும்மியது. குளிரில் காற்றை அடைத்து எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக் வயர் எப்போதோ அறுந்து போனது; சித்தப்பா உள்ளங்கையால் கார்புரேட்டரின் வாயைப் பொத்திப் பார்த்தார். அம்மாவின் முனகல் எஞ்சினைவிடச் சத்தமாகக் கேட்டது.

"இதத் தள்ளியே அருப்புக்கோட்ட சேந்துருவோம் போல. மாட்டைப் பூட்டுங்கய்யா!" என்று கத்தினார் பக்கத்து வீட்டுக்காரர்.

அம்மாவைக் கூண்டுவண்டிக்கு மாற்றினார்கள்.

"முன்னால போங்கண்ணே. ஜெட்டை மாத்திட்டு வழியில வந்து ஏத்திக்கிறேன்."

அப்பா தலையாட்டினார். பூஜைக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

பங்குனியில் மாட்டிய ஜெட்டு இறுகிப் போயிருந்தது. திருப்புளி வழுக்கிச் சித்தப்பாவின் விரல்கள் கிழிந்தன. ஒருவழியாக அது கழன்றபோது வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தது; இனி எந்த ஜெட்டானாலும் ஓடும். ஒரே தள்ளலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நானும் தொற்றி ஏறிக்கொண்டேன்.

ஊர் எல்லை தாண்டியதும் கூண்டுவண்டி எதிரே வந்தது. மாடுகள் அவசரமில்லாமல் நடந்தன. அப்பா வண்டியில் இல்லை. துண்டை வாயில் பொத்தியபடி பின்னால் நடந்து வந்தார். உள்ளே அம்மாவை முகம் வரை போர்த்தியிருந்தார்கள். குளிருக்கு என்று நினைத்தேன்.

"அம்மா, ஜீப்பு ஓடுது!" என்று எழுந்து நின்று கத்தினேன்.

சித்தப்பா எஞ்சினை அணைத்துவிட்டார். இவ்வளவு பாடுபட்டு ஓடவைத்ததை, அம்மா பார்க்கிற நேரம் பார்த்து இவர் ஏன் நிறுத்துகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.