ஏழாங்கட்டை டீமுக்கு ஒருத்தி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டக்காரர்கள் இன்னும் சட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே புஷ்பவள்ளி லோரியில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். டிரைவருக்குப் பின்னால், பலகையைப் பிடித்துக்கொள்ள வசதியான மூலை அவளுடையது. மடியில் மூடி போட்ட தகர வாளி. கடைசி ஆள் ஏறும்வரை ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருப்பாள். பதினொன்று வந்தால்தான் முகம் தெளியும்.

தொழிலாளர் லயத்தைச் சுற்றிய கம்பிவேலிக் கேட்டில் லோரி நிற்கும். ஒரு பருக்கைகூட வேலியைத் தாண்டக்கூடாது என்பது அவசரகாலச் சட்டம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சர்க்காருக்குப் பயம். பெண்களைச் சோதிப்பதற்கென்று இருக்கும் மலாய்க்காரம்மா வாளியைத் திறந்து, விரலை நனைத்து, தண்ணீரில் சீனி கரைத்திருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பாள். முன்பெல்லாம் இடைவேளைக்கு ஆரஞ்சுச் சுளை கொண்டுபோவது புஷ்பவள்ளியின் வழக்கம். இப்போது வெறும் தண்ணீர்தான். "நம்ம தோட்டத்துத் தண்ணிதானே, அது போதும் லா" என்பாள்.

கோலசிலாங்கூர் வட்டார ரப்பர் தோட்டங்களில் ஏழாங்கட்டைத் தோட்டத்துக் கால்பந்து டீமைத் தெரியாதவர்கள் இல்லை. அதோடு மோதுவதென்றால் எதிராளிகள் வெற்றி விருந்துக்கு முதல்நாளே கோழி அடித்துவிடுவார்கள். ஜப்பான்காரன் போன மறு வருடம் தொடங்கிய கிளப் அது. நாற்பத்தேழில் ஒரே ஒரு கோப்பை வாங்கியது. அன்றைக்குப் புஷ்பவள்ளி மலேரியாக் காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். ஆக, அவள் இதுவரை தன் டீம் எதையும் தூக்கிப் பார்த்ததில்லை. பிறகு வேகமாக ஓடக்கூடியவர்கள் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து துப்பாக்கி தூக்கப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பதில் கோல் காக்கிற சன்னாசி மாட்டுவண்டி ஓட்டுகிறவன், நாற்பதை நெருங்குகிறான். போன வருடம் பதினாலு ஆட்டம், பதின்மூன்று தோல்வி. ஒன்று மழையால் நின்றுபோனது. அதையும் தோல்வியில் சேர்த்துப் பேசினால் புஷ்பவள்ளி விடமாட்டாள்.

அவள் பால்மரம் வெட்டுகிறவள்; பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுக்கிற வேலை. பால்வாளி தொங்கும் காண்டாக் கழியைச் சுமந்து சுமந்து இடது தோள் சற்று இறங்கியிருக்கும். ஆட்டம் தொடங்கினால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வலது மூலைக் கொடிக்குப் பக்கத்தில், கால்விரல் சுண்ணாம்புக் கோட்டைத் தொடாமல் நிற்பாள். உட்கார மாட்டாள். தன் ஆட்களையும் திட்ட மாட்டாள், எதிராளியையும் திட்ட மாட்டாள். கோல் விழுந்தால் மட்டும் "சன்னாசி" என்று ஒரே ஒரு தடவை கூப்பிடுவாள். தான் இன்னும் அங்கேதான் நிற்பது அவனுக்குத் தெரிவதற்காக.

மறுநாள் விடியலில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும்போது மற்ற பெண்கள் வேண்டுமென்றே கேட்பார்கள். குரலைத் தாழ்த்தாமல் சொல்வாள்: "ஆறு ஒண்ணு. அந்த ஒண்ணு நல்லா அடிச்ச ஒண்ணு." இப்படித் தோற்கிறார்களே, வேறு டீமைப் பார்க்கக்கூடாதா என்றால் கேள்வியே அவளுக்கு விளங்காது. "வேற டீமுக்கு அவங்க ஆளுங்க இருப்பாங்களே" என்பாள்.

அந்தத் தோற்கிற டீமில் உருப்படியாக ஆடிய ஒருவன் அவள் மகன் உடையப்பன். புருஷன் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பாததால் ஒற்றை ஆளாக வளர்த்த பிள்ளை. இருபது வயது. போன வருடம் தைப்பூசம் கழிந்ததும் ஆற்றோரத் தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி சுப்பிரமணியம் அவனுக்கு ஆள் அனுப்பினார். நல்ல ஆட்டக்காரன் எங்கிருந்தாலும் ஆலையில் சுலபமான வேலை கொடுத்து இழுத்துக்கொள்வது அவர் வழக்கம். உடையப்பன் இரண்டு நாள் அம்மாவிடம் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சோற்றில் கை வைத்துக்கொண்டே சொன்னான். அங்கே வீட்டுக்கு மின்சார விளக்கு உண்டு, அம்மாவும் வந்துவிடலாம் என்றான்.

புஷ்பவள்ளிக்கு முதலில் தோன்றியது நிம்மதிதான். காட்டோர மரங்களுக்குப் பிள்ளை இருட்டோடு போக வேண்டாம். அதற்குப் பிறகுதான் நெஞ்சு கனத்தது. குழம்பை ஊற்றிவிட்டுச் சொன்னாள்: "நல்ல வேலை, நீ போய்யா. நானும் வந்துட்டா இந்தப் பக்கம் யாரு நிப்பா?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அந்த ஜூன் மாதம், உடையப்பன் போய்ச் சேர்ந்திருந்த ஆற்றோரத்துக்காரர்களோடு அவர்கள் திடலிலேயே ஆட்டம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தோட்டத்துத் தொரை லோரி தர முடியாது என்றுவிட்டார். தோற்றுவிட்டு வருவதற்கு ஒரு லோரி, ஒரு டிரைவர், காவலுக்கு நாலு துப்பாக்கியா என்று கேட்டாராம். போகாவிட்டால் போட்டியிலிருந்தே பெயரை அடித்துவிடுவார்கள். அதோடு கிளப் முடிந்தது. கொட்டகையில் கூடிய ஆட்டக்காரர்கள், உள்ளுக்குள் சற்று நிம்மதியோடே, சட்டைகளை யார் வீட்டில் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். புஷ்பவள்ளி வாசலில் வந்து நின்றாள். எவ்வளவு தூரம் என்று கேட்டாள். ஐந்து கட்டை, அதாவது ஐந்து மைல், என்றார்கள். அப்படியானால் நடந்து போகலாமே என்றாள்.

அந்தச் சாலையில் ஓடிய ஒரே பஸ்ஸை, ஆட்களை இறக்கிவிட்டுக் காட்டுக்காரர்கள் கொளுத்தி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. உனக்குப் பயமில்லையா என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேட்டார்.

"பயந்துக்கிட்டுதான் தெனம் மரம் வெட்டப் போறேன். அதே மாதிரி பயந்துக்கிட்டே பந்து பாக்கவும் போறேன்."

முதலில் எழுந்தவன் சன்னாசி. "அக்கா வந்தா நானும் வரேன்" என்றான்.

அந்த நடையால்தான் இன்றைக்கு லோரி ஓடுகிறது. ஒரு வாரத்துக்குள் சேதி ஆற்றோரத் தொரை வாய்வழியாகவே இந்தத் தொரையின் காதுக்குப் போய், அவருக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் நடந்த அன்று இதெல்லாம் யாருக்குத் தெரியும்? எரிந்த பஸ் கிடந்த இடத்தில் பன்னிரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கடந்தார்கள். முன்னால் போன புஷ்பவள்ளியின் வாளித் தண்ணீர் தளும்பித் தளும்பி அவள் பாதத்தை நனைத்தது. அது தளும்புவதைப் பின்னால் வருகிறவர்கள் பார்த்துவிடக்கூடாதே என்று வாளியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

செம்மண் புழுதியோடு போய்ச் சேர்ந்தவர்களைக் கண்டு ஆற்றோரத்துக்காரர்கள் சிரித்தார்கள். உடையப்பன் சிரிக்கவில்லை. கொடிப் பக்கம் பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

இருபதாவது நிமிடம் பந்து அவன் காலுக்கு வந்தது. அவன் தோளைச் சாய்த்த விதத்திலேயே எந்த மூலைக்கு அடிப்பான் என்று புஷ்பவள்ளிக்குத் தெரிந்துவிட்டது. அவள் பெற்றது அல்லவா. வாய் திறப்பதற்குள் கோல் விழுந்தது. திடலில் பாதிப் பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எப்போதும்போல், "சன்னாசி" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். முடிவதற்குச் சற்று முன்னால் உடையப்பன் மறுபடியும் ஒன்று அடித்தான். மறுபடியும் அப்படியே கூப்பிட்டாள். நாலு சைபர். கடைசிப் பந்தைத் தடுக்கப் பாய்ந்த சன்னாசி முழங்கால் பிசகிப் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

ஆட்டம் முடிந்ததும் உடையப்பன் ஓடிவந்தான். பெரிய கிராணியிடம் கெஞ்சியிருப்பான்போல. கோலசிலாங்கூர் காவல் நிலையத்துக்குப் போகிற அவர் கார் ஏழாங்கட்டை வழியாகத்தான் போகும்.

"அம்மா, ஒரு ஆளுக்குத்தான் எடம். நீ ஏறிக்க. அந்த ரோட்டுல மறுபடியும் நடக்காதம்மா."

அவள் அவன் நெற்றியில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துப் போட்டாள். பிறகு சன்னாசியைக் காட்டி, அந்தப் பக்கம் பிடி என்றாள். தாயும் மகனுமாக அவனைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தார்கள். பெரிய கிராணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பச் சொன்னார்.

ஏழு மணிக்கு ஊரடங்கு. அதற்குள் கேட்டைப் பிடிக்க வேண்டும். மிச்சமிருந்த பத்துப் பேரையும் எண்ணிப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள். மகனிடம் அவன் அடித்த இரண்டு கோலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் திடலின் ஓரத்தில், சாலையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.

சாலை வளைகிற இடத்தில் புஷ்பவள்ளி காலி வாளியை இடது கைக்கு மாற்றினாள். திரும்பிப் பார்க்காமலே வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, இரண்டு விரலை நீட்டிக் காட்டினாள்.