தவுக்கே ஏறி உட்கார்ந்த கேரியர்

நான் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். நாளை முதல் எனக்கு ஈப்போ டவுனில் மளிகைக்கடை ஒன்றில் அரிசி மூட்டை கொண்டுபோய்ப் போடும் வேலை. சைக்கிள் நம்முடையதாக இருக்க வேண்டுமாம்.

இன்று சீனர் சைக்கிள் கடையில் இரண்டைப் பார்த்தேன். ஒன்றில் பின்னால் அகலமான இரும்புக் கேரியர். மற்றது முன்னால் பெட்டி வைத்த மூன்று சக்கர வண்டி.

“எது பாரம் தாங்கும், தவுக்கே?” என்று கடை முதலாளியைக் கேட்டேன்.

அவர் கேரியரில் ஏறி உட்கார்ந்து, “ஓட்டு லா” என்றார். மூட்டை கனத்துக்குக் குறையாத ஆள்.

பத்தடியில் கால் நடுங்கிவிட்டது. அடுத்து பெட்டிக்குள் உட்கார்ந்தார். ஐந்தடிகூடப் போகவில்லை. இருபது வருடம் பால்மரம் வெட்டியதில் எனக்குக் கையில்தான் பலம்.

இறங்கி வந்து சொன்னார்: “அண்ணே, ரெண்டும் குவாட் லா, ஒடையாது. ஓட்டுற ஆளத்தான் மாத்தணும்.”

வீட்டில் வேறு ஆள் இல்லை. காலை ஏழு மணிக்கு வேலை. யாரிடமாவது நல்ல கால் இரண்டு இரவல் கிடைத்தால் சொல்லுங்கள்.