சந்தனம் குடித்த ஸ்பீக்கர்

ஒரு வாரமாக குவைத்திலிருந்து மகள் பேசினால் தகரத்தைக் கிழிக்கிற சத்தம்தான் கேட்கிறது. இன்றைக்குச் சாயந்தரமும் பேசுவாள். காலையிலேயே போனை எடுத்துக்கொண்டு ஹட்டன் டவுனில் போன் ரிப்பேர் கடைக்குப் போய்விட்டேன்.

"ஸ்பீக்கர் போச்சும்மா, மாத்தணும்" என்றார் கடைக்காரர்.

"இயர்போன் குத்திப் பாருங்க தம்பி."

குத்தினார். பாட்டு சுத்தமாகக் கேட்டது.

"அப்போ போன் நல்லாத்தானே இருக்கு? ஸ்பீக்கர் ஓட்டையில லைட் அடிங்க."

ஓட்டையெல்லாம் மஞ்சளாக அடைத்திருந்தது. சந்தனம்! ஆயுத பூசைக்குக் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்குப் பொட்டு வைத்த கையோடு, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் போனிலும் அப்பியவள் என் நாத்தனார். மறப்பேனா?

கடைக்காரர் காய்ந்த பிரஷால் தேய்த்தெடுத்தார்.

சாயந்தரம் மகள் குரல் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி கேட்டது.

"அத்தைகிட்ட குடுங்கம்மா" என்றாள்.

நாத்தனாரைப் பேச விட்டேன். போனை மட்டும் கையில் கொடுக்கவில்லை, நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் வீட்டில் எதெதுக்குப் பொட்டு வைத்தார்கள்? சொல்லுங்க.